முதல் டம்ளர் கஞ்சி மாமாவுக்கு

அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்து, "ஆமா, இப்படித்தான் சிரிப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அந்தப் படத்தில் அப்பா சிரிக்கவில்லை. படம் எடுத்தவர் "சிரிக்காதீங்க பெரியவரே, இது பத்திரத்துக்கு ஒட்டுற படம்" என்று கெஞ்சி, அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்ட ஒரு நொடியில் எடுத்தது. அப்படியும் சிரிப்பது போலத்தான் வந்திருக்கிறது. "மூஞ்சி நாம கேட்டு வாங்குனதா என்ன? கெடைச்சத மாட்டிக்கிட்டுத் திரியறோம்" என்பார் அப்பா. அந்த ஒரு பேச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உங்களில் பலருக்கு அதன் வால் தெரியும், சிலருக்குத் தலை தெரியும். முழுசாக ஒருமுறை எழுதிவிடச் சொன்னது அம்மா. யார் சொன்னது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்தக் கதையில் அது பெரிய விஷயம்.

அப்பா பிறந்தது மிச்சீனாவில். பர்மாவின் வடக்கே இரயில் பாதை தீர்ந்துபோகிற ஊர். அதற்கப்பால் ஆறு, மலை, மழை. மழைக்கு அப்பால் இன்னொரு மழை. அப்பாவின் அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். வருகிற வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று கம்பியை இழுத்து வழி மாற்றிவிடுகிறவர். இரயில்வே லைன் வீட்டில், என்ஜின் ஊதும் சத்தத்தில் தொட்டில் ஆடிய பிள்ளை அப்பா. பிற்காலத்தில், பழைய ரங்கூனான யாங்கோனில் யாராவது, "பெரியவருக்கு எந்த ஊரு?" என்று கேட்டால், "மிச்சீனா" என்பார்.

"அது சரி, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயிறு."

கேட்டவர் சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வந்தது. நிழல் மாதிரி, வெயில் ஏற ஏறக் குறுகும், சாயச் சாய நீளும்.

ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நம்மவர்கள் பலர் மலையேறி இந்தியாவுக்கு நடந்தார்கள். அப்பாவின் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். "நடக்குற நெலமையிலயா இருக்கேன்? வர்றது வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். வந்தது. துணி போனது, கோழி போனது, அரிசி போனது. அப்பா அந்த வருடங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "உப்பில்லாத காலம்" என்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு மழைக்காலத்தில் அமெரிக்கப் படை ஊரைச் சுற்றி வளைத்தது. வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் குண்டு விழுந்தது. அப்பாவின் அப்பா இரயில் கரைக்குக் கீழே ஒரு குழி வெட்டி, மேலே சிலீப்பர் கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடி, மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் உள்ளே இறக்கினார். அப்பாவுக்குப் பத்து வயது இருக்கலாம். இடுப்பில் இருந்த குழந்தைதான் இன்று மதுரையில் இருக்கும் என் அத்தை.

ஆடி மாதம். மழை விட்டிருந்த ஒரு காலை. குண்டுச் சத்தம் ஓய்ந்துபோய், அந்த ஓய்வே பயமாக இருந்ததாம். குழியின் வாய்க்கு வெளியே யாரோ ஜப்பான் மொழியில் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டது அதே குரல். பின்னால் வேறு குரல்கள், வெள்ளைக்காரக் குரல்கள், அவசரப்பட்டன. குழிக்குள் ஜப்பான் சிப்பாய்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, உருட்டிவிடக் கையெறி குண்டோடு நின்றிருக்கிறார்கள்; அது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை அழுதாள். வீறிட்டு, ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத அழுகை.

வெளியே பேச்சு நின்றது. ஓர் ஆள் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி, குனிந்து உள்ளே வந்தார். போட்டிருந்தது அமெரிக்கச் சட்டை. அதற்கு மேலே இருந்தது ஜப்பான் முகம்.

தையல்காரரான அப்பா இந்த இடத்தில் எப்போதும் கதையை நிறுத்துவார். தையல் மிஷினில் நூல் கோர்ப்பார், அல்லது கோர்ப்பதுபோல நடிப்பார். நாங்கள் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் அந்த ஆள் தன் நெஞ்சைத் தொட்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லுவார்:

"கென்ஜி."

அப்பாவின் அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியும். மூன்று வேளையும் தெரிந்த வார்த்தை.

"ஐயோ, கஞ்சி கேக்குறான்யா!"

"குடுத்துரு, குடுத்துரு" என்றார் அப்பாவின் அப்பா.

சட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தது. அது தீர்ந்தால் அடுத்த வேளைக்கு எங்கிருந்து என்று தெரியாத கஞ்சி. சிரட்டையில் ஊற்றி அப்பாவின் அம்மா நீட்டியபோது பாதி தரையில் சிந்தியது. வந்தவர் சிரட்டையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், இவர்கள் முகங்களைப் பார்த்தார். வேண்டாம் என்றால் இன்னும் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்தி, ஒரு வாய் குடித்தார். மீதியை அப்பாவின் கையில் கொடுத்தார்.

"கடைசிக் கஞ்சி அது. நானும் அவரும் ஒரே செரட்டையில குடிச்சோம். அப்புறம் என்ன, மாமாதானே?" என்பார் அப்பா.

அந்த ஆள் முன்னால் நடக்க, அவருக்குப் பின்னால் இவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்கள். உள்ளே இன்னும் யாராவது உண்டா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அப்பாவின் அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் இரயில்வே இங்கிலீஷ். விறைப்பாக நின்று, "லைன் கிளியர், சார்!" என்று சொல்லிவிட்டார். அந்தச் சிப்பாய் சிரித்த சிரிப்பில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்களாம். அதற்கப்புறம்தான் பெயரெல்லாம் விசாரித்து, அப்பாவின் அப்பா மனைவியின் பக்கம் திரும்பினார்.

"கஞ்சி இல்லடி, பேரு! பேரைச் சொன்ன ஆளுக்குக் கஞ்சி ஊத்திருக்கே!"

"குடிச்சாருல்ல? பேரும் கஞ்சி, பசிக்கும் கஞ்சி. இதுல என்ன கொறஞ்சு போச்சு?"

அன்றிலிருந்து அவர் கஞ்சிதான். அந்தப் படை ஊரில் இருந்த நாள்வரை, சாயங்காலங்களில் அரிசியும் உப்பும் தகர டின்களும் தூக்கிக்கொண்டு வருவார். வாசலில் நின்று நெஞ்சைத் தட்டி, "கஞ்சி!" என்று கத்துவார். அப்பாவின் அம்மா ஒரு சிரட்டை தயாராக வைத்திருப்பார். அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. கஞ்சி மாமா எங்கே போனாலும் பின்னாலேயே துப்பாக்கியோடு ஒரு நெட்டை வெள்ளைக்காரன் வருவான். "பாவம், கைதி போல. அதான் சோறு போடாம வச்சிருக்கானுங்க" என்று சொல்லி, இன்னும் ஓர் அகப்பை ஊற்றுவாராம்.

ஒரு நாள் அப்பாவின் அப்பா தன் இரயில்வே இங்கிலீஷில் கேட்டார்: அப்பா அம்மா எங்கே? அமெரிக்காவில். அமெரிக்காவில் எங்கே? கஞ்சி மாமா தரையில் ஒரு குச்சியால் கட்டம் போட்டார். கட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். மூலைக்கு ஒரு காவல் கோபுரம் போட்டார். அதற்குள்ளே, புழுதிக் காட்டில், தன் அப்பா, அம்மா, தங்கை. அடைத்து வைத்திருப்பது அமெரிக்க சர்க்கார்.

"என்ன தப்பு செஞ்சாங்க?"

கஞ்சி மாமா உள்ளங்கையால் தன் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை ஒருமுறை தடவிக் காட்டினார். இதுதான் தப்பு.

"அப்புறம் எதுக்குய்யா அவங்களுக்காகச் சண்டை போடுறே?"

அந்தப் பதிலை அப்பா எங்களுக்குச் சொல்லும்போது குரல் மாறும். "அவங்களுக்காக இல்ல, அது என் நாடுன்னாரு. அவ்வளவுதான். மழை வந்துருச்சு, டின்னை வச்சுட்டுப் போயிட்டாரு."

படை தெற்கே நகர்ந்தது. அவரும் போனார். முழுப்பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பிழைத்தாரா என்பதும் தெரியாது.

போர் முடிந்து, அப்பாவின் பெற்றோர் யாங்கோனுக்கு இறங்கி வந்தார்கள். அப்பா பபேடானில் ஒரு தையல்கடையில் பித்தான் கட்ட உட்கார்ந்து, பிறகு கத்தரி பிடித்து, பிறகு தனக்கென்று ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை என்று நின்றார். கடை போட்ட கட்டடத்தை இடித்தார்கள்; எதிர் வரிசைக்குப் போனார். அங்கேயும் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு முஸ்லிம் நண்பர் தன் பிரியாணிக் கடைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். அன்று முதல் அப்பா தைத்த சட்டைகளில் எல்லாம் கொஞ்சம் ஏலக்காய் மணம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வீடு முழுக்கப் பள்ளிச் சீருடைக்கான பச்சை லுங்கித் துணி மலையாகக் குவிந்து கிடக்கும். யாங்கோனில் பாதிப் பேர் அப்பா மூட்டிய பச்சை லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் கணக்குப் பாடத்தில் தோற்றிருப்பார்கள். ஒரு பிள்ளைக்குத் துணி போதவில்லை என்றால் தன் துண்டுத் துணியை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிடுவார். அது தாய்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, பிறகு நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், அப்பாவின் மிஷினுக்கடியில் படுத்துத் தூங்கி வளர்ந்தவளுக்கு எல்லாம் தெரியும்.

கல்யாணம் ஆகி, பஸுண்டவுங் ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் ஒரு வீடு. இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் அப்பாவை ஜப்பான் படைதான் பிடித்துக்கொண்டு போனது, சயாமுக்கு இரயில் பாதை போட. அம்மா அப்போது கைக்குழந்தை. அவர் திரும்பி வரவில்லை. சேதியும் வரவில்லை. அவருக்குப் படம்கூடக் கிடையாது. அம்மாவுக்குத் தன் தகப்பனைத் தெரிந்ததெல்லாம் தன் தாய் அழுத அழுகையின் வழியாகத்தான்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் முன்னோருக்குக் கஞ்சி காய்ச்சிப் படைப்பது வழக்கம். பானை இறங்கியதும் முதல் டம்ளர் கஞ்சி மாமாவுக்கு என்பது அப்பா வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் அம்மா, "யாரு அந்தக் கஞ்சி மாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா வெள்ளந்தியாகக் கதை முழுவதும் சொல்லியிருக்கிறார். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மூஞ்சிக்கு என் கையால ஊத்த மாட்டேன்."

அன்று தொடங்கி அப்பாவின் கடைசி ஆடிவரை, அந்த ஒரு நாள் அப்பாதான் கஞ்சி காய்ச்சினார். அடிப்பிடித்த கஞ்சி. முன்னோருக்குப் படைக்கிற கஞ்சி தீய்ந்துதான் இருக்க வேண்டும் என்று நானும் அண்ணனும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வருடமும் ஒரே சண்டை, ஒரே வசனம், எங்களுக்கு மனப்பாடம்.

"உங்க விருந்தாளிக்கு நீங்களே ஊத்துங்க. எங்கப்பன் எலும்பு சயாம் காட்டுல கெடக்கு."

"இவரு அவனுங்களை எதுத்துச் சண்டை போட்டவரு, புள்ள."

"மூஞ்சி ஒண்ணுதானே?"

அப்பா உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொள்வார். "பஸ்ஸுல வர்றவன் எல்லாம் என் மூஞ்சியப் பாத்து, கலான்னு எளக்காரமாக் கூப்பிட்டு, எந்த நாட்டுலேந்து வந்தேங்கிறான். நீயும் கேட்டுரு."

"நான் ஏன் கேக்குறேன்? மிச்சீனாவுலேந்து வந்து என் தலையில விழுந்தது எனக்குத் தெரியாதா?"

அதோடு இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் சிரித்துக்கொண்டே அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். டம்ளர் இருக்கிற நேரம் வீட்டில் இருக்கமாட்டார். சாயங்காலம் வந்து, தீய்ந்த பானையைத் தேய்ப்பார். "பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" அப்பா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அம்மாவும் ஒருநாளும் டம்ளரைத் தட்டிவிட்டதில்லை. இவர்களுடைய இல்லறத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

அடுத்த வீட்டு டோ சீன் அத்தைக்கு வேறு குழப்பம். வருடாவருடம் வாசல்நிலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்கிறார்களே, பர்மியர் கும்பிடும் நாட் என்னும் காவல் தெய்வங்களில் இது எது என்று அவர் யோசித்துப் பார்த்து, ஒரு வருடம் தாமாகவே மல்லிகைச் சரம் கொண்டுவந்து போட்டார். மறு வருடம் ஊறிய தேயிலை, லப்பே, ஒரு தட்டில். "வெறும் ஸான்ப்யோவைக் குடிக்கச் சொன்னா எப்படி? தொட்டுக்க வேணாமா?" என்று பர்மிய மொழியில் கடிந்துகொண்டார். பர்மிய மொழியில் கஞ்சிக்கு ஸான்ப்யோ என்று பெயர். அதனால் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவர் ஸான்ப்யோ மாமா. பரீட்சைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்பா எடுத்துச் சொல்லியும் டோ சீன் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆளோ, நாட் தெய்வமோ, என் மகன் பாஸாயிட்டான். நீங்க சும்மா இருங்க ஊ லேய்" என்று அப்பாவைப் பர்மிய மரியாதையோடு அடக்கிவிட்டார்.

கோயிலில் ஒரு முறை நடந்தது உங்களில் சிலர் கண்ணால் பார்த்தது. ஆடி மாதத்தில் எங்கள் வட்டாரத்து அம்மன் கோயிலில் கஞ்சி வார்க்கும் நாள். அந்த வருடம் அரிசி அப்பாவின் உபயம். பூசாரி அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

"கென்ஜி" என்றார் அப்பா.

"கஞ்சி தனியா வச்சிருக்கு. பேரைச் சொல்லுங்க."

"பேருதாங்க அது. கென்ஜி."

"நட்சத்திரம்?"

அப்பா யோசித்தார். "அமெரிக்கக் கொடியில நெறைய இருக்கு. அதுல ஒண்ணு போட்டுக்குங்க."

"கோத்திரம்?"

"பட்டாளம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "இது என்ன ஜப்பான் பேரால்ல இருக்கு? ஜப்பான்காரனால தாலியறுத்தவங்க இருக்குற ஊரு இது. கோயில்ல வந்து..."

"பேரு ஜப்பான். ஆளு அமெரிக்கா" என்றார் அப்பா. குரல் ஏறவில்லை. "எம் பேரு தமிழு. ஆளு மிச்சீனா. எனக்கு அர்ச்சனை பண்ணுறீங்கள்ல?"

பூசாரி தட்டைத் திரும்ப எடுத்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். "கென்ஜி நாமதேயஸ்ய" என்று அவர் சொன்னது எல்லோர் காதிலும் "கஞ்சி" என்றுதான் விழுந்தது. அம்மனுக்கு எப்படி விழுந்ததோ. தூணுக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அம்மா அன்றைக்குக் கைகூப்பவில்லை. ஆனால் கோயிலை விட்டு வெளியேயும் போகவில்லை.

அந்த நெட்டை வெள்ளைக்காரன் விஷயம் பின்னால் தெரிந்தது. கஞ்சி மாமா போன்ற, ஜப்பான் வம்சத்து அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி எங்கோ படித்து, கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவரைப் போல எத்தனையோ பேர், பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, அதே நாட்டின் சீருடையைப் போட்டுக்கொண்டு போனார்கள். பர்மாக் காட்டில் மொழிபெயர்க்க வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு காவல் சிப்பாய் வருவானாம். இவர்கள் ஓடிவிடாமல் இருக்க அல்ல. முகத்தைப் பார்த்து, எதிரி என்று நினைத்து, சொந்தப் படையே சுட்டுவிடாமல் இருக்க. "சுடாதே, இவன் நம்ம ஆளு" என்று சொல்ல ஓர் ஆள்.

அப்பா மிஷினை நிறுத்தினார். சக்கரம் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"அப்ப அந்த நெட்டையன் கைதிக்குக் காவல் இல்ல."

"இல்லப்பா."

"கூட நடக்குறவன்." அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "அடடா. அந்த நெட்டையனுக்கு ஒரு செரட்டைகூட ஊத்தலையே எங்கம்மா! வாசல்லயே நிக்க வச்சுட்டாங்களே!"

அந்த வருடத்திலிருந்து டம்ளர் கொஞ்சம் பெரிதானது. அவரைப் போன்ற எல்லோருக்கும், பின்னால் நடந்த நெட்டையனுக்கும் சேர்த்து. "இத்தனை பேருக்கு ஒரு டம்ளரா?" என்றேன். "பட்டாளத்துக்காரங்க. பங்கு போட்டுக்குவாங்க" என்றார்.

சென்ற ஆனி மாதம் அப்பா படுத்தார். நோய் என்று பெரிதாக இல்லை. மிஷின் பழசாகிவிட்டது, அவ்வளவுதான். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த நாட்கள். அம்மா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். ஷ்வேப்யிதா தையல் ஆலையில் வேலை செய்யும் அண்ணன் மகள், லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் மாறி மாறி வந்து தாத்தா காலைப் பிடித்துவிட்டாள்; அவரைப் பர்மிய மொழியில் போபோ என்பாள். "போபோ, எங்க ஆலையில சட்டைக்கு ஒருத்தி கை, ஒருத்தி கழுத்து, ஒருத்தி பித்தான்" என்று அவள் சொன்னால், "அப்ப சட்டைய யாரு தைக்கிறா?" என்று கேட்டு அப்பா சிரிப்பார்.

ஒரு மத்தியானம், அம்மா குழாயடிக்குப் போன நேரம், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, ஆடி வருது. டம்ளர் யாரு வைக்கிறது?"

"நான் வைக்கிறேம்ப்பா."

"நீ வைப்பே. நீ ஊரு சுத்துறவ. இந்த வருஷம் இங்க இருப்பே, அடுத்த வருஷம் எங்கேயோ. வீட்டுல இருக்குறவங்க வச்சாத்தான் அது நிக்கும்."

"அப்ப அம்மாகிட்ட கேட்டுரட்டுமா?"

"கேக்காத." கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டு வாங்குனா அது ரேஷன். அவ அப்பனுக்கும் ஒரு நியாயம் இருக்கு. அவளா வச்சா வைக்கட்டும். இல்லாட்டி மாமா புரிஞ்சுக்குவாரு. அவரு பாக்காத வீட்டு வாசலா?"

அப்பா ஒருவரிடமும் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இதையும் கேட்காமலேயே, அதே மாதத்தில், ஒரு விடியலில், அம்மா விசிறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். விசிறி நிற்க வெகுநேரம் ஆனது.

ஆடி அமாவாசை வந்தது. தலைவருடம் படையல் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள், வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் முன்தினமே அரிசி களைந்து வைத்துவிட்டு, காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பானை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஏதோ குறைந்தது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தீய்ந்த வாசனை இல்லை.

அம்மா பானையை இறக்கினார். எங்கள் வீட்டில் ஒரே மாதிரியான மூன்று டம்ளர்களை எடுத்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஊற்றினார். அண்ணன் வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். முதல் டம்ளரை அம்மா வாசல்நிலைக்குப் பக்கத்தில், அதே இடத்தில் வைத்தார். இரண்டாவதை அதற்கு எதிரில், சற்றுத் தள்ளி. அது அவருடைய அப்பாவுக்கு. படமில்லாத, எலும்பு வராத அந்த மனிதருக்கு, எங்கள் வீட்டில் முதல்முறையாகத் தனியாக ஒரு டம்ளர். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் படத்தைப் பார்த்தார். அந்தச் சிரிக்காத, சிரிக்கிற படத்தை. அப்படியே பேச ஆரம்பித்தார், காய்கறிக்குப் போகிற ஆளிடம் சொல்வதுபோல.

"இந்தாங்க, சொல்றதக் கேளுங்க. எங்கப்பாவும் அங்கதான் இருப்பாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஆளு மூஞ்சியப் பாத்தா," அம்மா உள்ளங்கையால் தன் முகத்தை மேலிருந்து கீழே தடவிக் காட்டினார், அப்பாவைப் போலவே, "கட்டைய எடுத்துருவாரு. நீங்க கூடப் போங்க. நீங்க கூட நடந்து போயி, எங்கப்பாகிட்ட, மாமா, இவரு நம்ம ஆளுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு. நானே கேட்டுட்டேன்ல."

சொல்லிவிட்டு, மூன்றாவது டம்ளரை அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டோ சீன் அத்தை லப்பேத் தட்டோடு வந்து, மூன்று டம்ளரைப் பார்த்துத் திகைத்து, திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தார்.

அப்பா படுத்திருந்த நாட்களில் கூப்பிடாமலே வந்து நின்ற அந்த டோ சீன் அத்தைக்கும் அவர் பிள்ளைகளுக்கும், பபேடானில் கடைக்கு இடம் கொடுத்து, இறுதி நாளில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்ட பிரியாணிக்கடைக் குடும்பத்துக்கும், பெட்ரோல் கிடைக்காத நாளில் எப்படியோ வண்டி பிடித்துவந்த தம்பிகளுக்கும், ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்தப் பெயருக்கு வருடாவருடம் அர்ச்சனை செய்துவந்த பூசாரி ஐயாவுக்கும், மதுரையிலிருந்து போனிலேயே ஒப்பாரி வைத்து, நடுவில் லைன் அறுந்துபோய், மறுபடி கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த அத்தைக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். அத்தை, அன்றைக்குக் குழியில் நீங்கள் அழாமல் இருந்திருந்தால் இந்த மலரை எழுத ஆளில்லை. அந்த அழுகைக்கும் நன்றி.

எங்கோ ஒரு தேசத்தில், தன் வீட்டாரை அடைத்த சர்க்காரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு ஒரு குழிக்குள் குனிந்து நுழைந்த அந்த மனிதருக்கும், அவரைப் போன்றவர்களுக்கும் எங்கள் வீட்டின் வணக்கம். அவர் உயிரோடு இருந்தால் நூறு தாண்டியிருக்கும். இருந்தால் இது விருந்து, இல்லாவிட்டால் படையல். அப்பா இரண்டுக்கும் ஒரே டம்ளர்தான் வைத்தார்.

நினைவு நாளுக்கு வந்திருக்கும் எல்லோரும் இருந்து கஞ்சி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார். அம்மாவே காய்ச்சியது, அடிப்பிடிக்கவில்லை. தாராளமாகக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். முதல் டம்ளரை ஊற்றியாகிவிட்டது.